துறவு நெறியும் குருவின் ஆணையும்

திருச்சிற்றம்பலம்



இன்று மாலை நம் திருக்கோயிலில் எம்பெருமான் பிட்சாடனத் திருக்கோலத்தில் வீதியுலா வந்தருளியதைக் கண்களாரக் கண்டோம். உலகம் அனைத்தையும் உடைமையாகக் கொண்ட பெருமான் கையில் கபாலம் ஏந்தி, தாருகாவனத்து முனிவர்தம் செருக்கு நீங்கும் பொருட்டு, வீடுதோறும் பிச்சைக்குச் சென்ற கோலம் அது. மயிலைத் திருத்தலத்துப் பங்குனிப் பெருவிழாவில் 8-ஆம் நாள் அறுபத்துமூவர் திருவுலாவும், 9-ஆம் நாள் பிட்சாடனர் திருவுலாவும், 10-ஆம் நாள் திருக்கல்யாணமும் நிகழ்வதை உங்களுட் பலர் சென்று சேவித்திருப்பீர்கள். முதல் நாள் பிச்சையேற்கும் துறவி. மறுநாள் அம்மையின் திருக்கரம் பற்றும் மணவாளர். இரண்டும் ஒரே பெருமானின் கோலங்களே. இல்லறத்தையும் துறவறத்தையும் ஒன்றற்கொன்று பகையென நம் முன்னோர் கருதவில்லை என்பதற்கு இவ்விழா முறையே சான்றாகும்.

இப்பொருள் பற்றி இன்று பேச நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு இதே விழாவில் சொற்பொழிவு முடிந்து அன்பர்கள் திருநீறு பெற்றுச் சென்றபின், வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். “ஐயா, எனக்கு ஒரே மகன். இருபத்து மூன்று வயது. காவி கட்டிக்கொள்ளப் போகிறேன் என்கிறான். தடுத்தால் எனக்குப் பாவமா? தடுக்காமல் விட்டால் அவனுக்குக் கேடா?” என்று கேட்டார். கேட்டபொழுது அவர் கண்களில் நீர் இல்லை. அழுது தீர்த்தபின் வந்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. அந்த இரவில் அவருக்கு நான் கூறியது மிகச் சிறிது. கூற வேண்டியிருந்ததை ஓராண்டாக எண்ணிப் பார்த்து இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

நம் நூல்கள் வாழ்வைப் பிரமசரியம், கிருகத்தம், வானப்பிரத்தம், சந்நியாசம் என நான்கு நிலைகளாக வகுத்தன. முறையே ஒன்றன்பின் ஒன்றாக ஏறுக என்பது ஒரு விதி. வைராக்கியம் எந்த நாளில் தோன்றுகிறதோ அந்த நாளிலேயே துறக்கலாம் என்பது சாபால உபநிடதம் கூறும் மற்றொரு விதி. இவ்விரண்டும் முரணுவனபோல் தோன்றும். உற்று நோக்கின் வினா ஒன்றே எஞ்சும்: தோன்றியது வைராக்கியந்தானா? அல்லது துக்கமா, சலிப்பா, தோல்வியின் வெட்கமா? மயானத்திற்குச் சென்று திரும்புவோர்க்கெல்லாம் ஒரு வைராக்கியம் உண்டாகின்றது. அது வீட்டு வாசலில் கால் கழுவும்போதே கழுவப்பட்டுப் போகின்றது. ஆதலின் காவிக்கு ஆசைப்பட்ட எவரையும் குருமார்கள் உடனே ஏற்றதில்லை. நிற்க வைத்தார்கள், திருப்பி அனுப்பினார்கள், காத்திருக்கச் செய்தார்கள்.

திருவள்ளுவர் அமைத்த வைப்புமுறையைப் பாருங்கள். துறவறவியலில் அதிகாரங்கள் 13. ‘துறவு’ என்னும் பெயருடைய அதிகாரம் அவற்றுள் முதலில் இல்லை, 11-ஆவதாக நிற்கின்றது. முதலில் வைக்கப்பட்டது அருளுடைமை. அதன்பின் புலால் மறுத்தல், தவம், கூடாவொழுக்கம், கள்ளாமை, வாய்மை, வெகுளாமை, இன்னா செய்யாமை, கொல்லாமை, நிலையாமை என்று பத்துப் படிகள். இப்பத்தையும் கடந்தவனுக்கே துறவின் வாயில். அதிலும் அருளே முதற்படி. உயிர்களிடத்து அன்பு வற்றிப் போனதனால் ஒருவன் வீட்டை விட்டு வெளியேறுவானாயின், அவன் முதற்படியிலேயே கால் வைக்கவில்லை என்று பொருள். தவத்தை அடுத்துக் கூடாவொழுக்கத்தை வைத்ததும் ஓர் எச்சரிக்கை. தவக்கோலம் பூண்ட இடத்திலேயே பொய்க்கோலமும் முளைக்கும் என்பதை அப்பெருமான் அறிந்திருந்தார்.

இதற்குத் திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாறே நமக்குப் பேருரையாக விளங்குகின்றது. திருவாமூரில் புகழனாரும் மாதினியாரும் பெற்ற மக்கள் திலகவதியாரும் மருணீக்கியாரும். தந்தையார் மறைந்தார்; தாயாரும் உடன் மறைந்தார். திலகவதியாருக்கு மணம் பேசி முடிக்கப்பட்டிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் நீத்தார். அடுக்கடுக்காக விழுந்த இத்துயரங்களால் உலகின் நிலையாமை கண்ட மருணீக்கியார், அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தர்களும் அமைத்துக் கொடை புரிந்தபின் சமண நெறி சார்ந்து தருமசேனர் என்னும் பெயருடன் துறவு வாழ்வில் அமர்ந்தார். கல்வியில் நிகரற்று விளங்கினார். ஆயினும் சூலை நோய் வந்து வாட்டிய இரவில், அவர் உள்ளம் தேடியது தமக்கையாரின் திருவடியையே.

அந்தத் தமக்கையார் செய்தது யாது? மணக்கவிருந்தவர் மறைந்தபோது தாமும் உயிர் விடத் துணிந்தார். தம்பியார் தனித்துப் போவார் என்ற கருணை தடுக்க, உயிர் தாங்கி நின்றார். திருவதிகையில் திருமடம் அமைத்து, விடியுமுன் எழுந்து திருவலகிட்டு, திருமெழுக்கிட்டு, மலர் கொய்து மாலை தொடுத்து வாழ்ந்தார். அவருக்குக் காவியளித்தவர் எவரும் இல்லை. ஆயினும் அந்த இல்லத்தில் முதலில் துறவியானவர் அவரே. தம்பியார் துறந்தது துக்கம் தாளாமையால். தமக்கையார் துறந்தது தம்பியார்மேல் வைத்த தயையால். முன்னது நிலைபெறவில்லை, பின்னது தானும் நிலைபெற்று, மற்றொருவரையும் மீட்டுக் கொணர்ந்தது. திருவதிகையில் ஆட்கொள்ளப்பட்டபின் நாவுக்கரசர் ஏந்தியது உழவாரப்படை. திருப்புகலூரில் அவர் புல் செதுக்கிய இடங்களிலெல்லாம் பொன்னும் மணியும் தோன்றின. அவற்றையும் புல்லோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இது இரண்டாம் துறவு. இதில் துக்கத்தின் நிழல் இல்லை.

குருமார்கள் காத்திருக்கச் செய்த வரலாறுகளை இனிச் சிந்திப்போம். தருமையாதீனத்தைத் தோற்றுவித்த குருஞானசம்பந்தர் திருவில்லிபுத்தூரினர். கமலை ஞானப்பிரகாசரைக் குருவாகக் கொண்டவர். ஓர் இரவு திருவாரூரில் குருநாதருக்குக் கைவிளக்குப் பிடித்துச் சென்றார். இல்லத்தின் வாயிலை அடைந்ததும் குருநாதர் ‘நிற்க’ என்று கூறி உள்ளே சென்றுவிட்டார். சீடர் விளக்குடன் இரவு முழுதும் அங்கேயே நின்றார். மழை பெய்தது, அவர்மேல் ஒரு துளியும் படவில்லை, விளக்கும் அணையவில்லை என்று வரலாறு கூறும். தமிழகத்தின் பெருமடங்களுள் ஒன்று இவ்வாறு ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாயிலில் நின்றவரால் உண்டாயிற்று. நிற்கத் தெரிந்தவருக்கே பிறரை நிலைநிறுத்தும் தகுதி வருகின்றது.

அதே ஆதீனத்தின் நான்காம் குருமகாசந்நிதானம் மாசிலாமணி தேசிகரை நாடிவந்தவர் குமரகுருபரர். ஐந்து வயது வரை பேசாதிருந்து திருச்செந்தூர் முருகன் அருளால் வாய் திறந்தவர், சிறு பருவத்திலேயே கவி பாடியவர், பலராலும் போற்றப்பட்டவர். அவரிடம் தேசிகர், தில்லையில் சுந்தரர் கூத்தப் பெருமானைக் கண்டு தம்மை மறந்த நிலையைக் கூறும் பெரியபுராணப் பாடலின் அனுபவப் பொருளைக் கேட்டருளினார். சொற்பொருள் அனைத்தும் அறிந்த பெரும்புலவர் அந்த அனுபவத்தின் முன் வாயடைத்து நின்றார். இவரே தம் குரு எனத் தெளிந்து துறவு வேண்டினார். உடனே கிடைத்ததா? முதலில் காசி யாத்திரை சென்று வருக என்றார் தேசிகர். அவ்வளவு தொலைவு சென்று திரும்புங்காறும் பிரிவாற்றேன் என்று குமரகுருபரர் விண்ணப்பிக்க, தில்லையில் தங்கி வழிபடுமாறு கட்டளையாயிற்று. அதை நிறைவேற்றிய பின்னரே காவி கிட்டியது. பிற்காலத்தில் அவரே காசிக்குச் சென்று கேதாரக் கட்டத்தில் மடம் நிறுவினார். குரு முதலில் கட்டளையிட்ட காசி, முடிவில் அவருடைய தொண்டுக்களமாகவே ஆயிற்று. அம்மரபு 1720-இல் திருப்பனந்தாளில் காசி மடமாக வேரூன்றி இன்றும் தமிழுக்கும் சைவத்திற்கும் தொண்டு புரிகின்றது.

தாயுமானவர் கதை இதனினும் ஆழமானது. திருச்சிராப்பள்ளியில் விசயரங்க சொக்கநாத நாயக்கர் அரண்மனையில் பெரும்பதவி வகித்தவர். மௌனகுருவைக் கண்டவுடன் அனைத்தையும் விட்டுப் பின்செல்ல முனைந்தவர். குருநாதரோ, இல்லறம் ஏற்று ஒரு மகவு பெற்றபின் துறவு பூண்பாயாக என்று பணித்தருளினார். துறவு வேண்டி நின்றவருக்கு இல்லறம் விதிக்கப்பட்டது. அவர் மட்டுவார்குழலியாரை மணந்தார். கனகசபாபதி என்னும் மகன் பிறந்தான். மனைவியார் மறைந்தபின் குருநாதர் அருளால் துறவு பெற்றார். மனையறத்தில் இருந்த ஆண்டுகள் அவருக்கு வீணாயினவா? எல்லா உயிரையும் தம்முயிராகக் கண்டு உருகிய அந்த உள்ளம் ஒரு குழந்தையைத் தோளில் சுமந்த உள்ளம் என்பதை மறவாதீர்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. 1896-இல் பதினாறு வயதுச் சிறுவராக மதுரையை விட்டு நீங்கித் திருவண்ணாமலையை அடைந்த இரமண மகரிஷிகள் எவரிடமும் காத்திருக்கவில்லை. முறைப்படி காவியும் பெறவில்லை. ஆனால், அத்தகைய பழுத்த உயிர் நூறாண்டுக்கொருமுறை தோன்றுவது. நெருப்பு தானே பற்றிய இடத்தைக் காட்டி, ஈர விறகுக்கும் அதுவே விதி என்று கூறலாகாது.

என் வாழ்வில் நேர்ந்த ஒன்றையும் இங்குக் கூறுதல் பொருந்தும். எனக்குப் பத்தொன்பது வயதில் தந்தையார் திடீரெனக் காலமானார். பத்து நாள் கருமம் முடிந்த கையோடு, ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு திருமடத்தின் வாயிலில் போய் நின்றேன். முதிய தம்பிரான் ஒருவர் என்னை உட்கார வைத்து உணவளித்தார். பின்பு, “தம்பி, உங்கள் தாயாருக்கு நீங்கள் இங்கே இருப்பது தெரியுமா?” என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன். “முதல் ஆண்டுத் திதி கொடுத்துவிட்டு வாருங்கள். மடம் எங்கும் போய்விடாது” என்றார். அந்த ஓராண்டில் என் துக்கம் மெல்ல ஆறியது. துக்கம் ஆறியபோது துறவெண்ணமும் உடன் ஆறிப்போயிற்று. அந்தப் பெரியவரிடமே பாடம் கேட்கச் சென்றேன். சித்தாந்த சாத்திரங்களை அவர் திருவடியில் அமர்ந்து பயின்றேன். மனைவி மக்களோடு வாழ்ந்து இத்தொண்டினைச் செய்து வருகின்றேன். அன்றைக்கே அவர் என்னை ஏற்றிருப்பாராயின், ஒரு பொய்த் துறவியை உண்டாக்கிய பழி அவருக்கும், அதைச் சுமந்து வாழும் துன்பம் எனக்கும் நேர்ந்திருக்கும்.

திருமடத்து வாழ்வு எத்தகையது என்பதையும் அன்பர்கள் அறிதல் வேண்டும். வீட்டுக் கவலையற்ற ஓய்வு என்று வெளியில் உள்ளோர் எண்ணுவர். உண்மையோ வேறு. விடியுமுன் துயிலெழுதல், நீராடல், திருநீறு தரித்து அனுட்டானம் முடித்தல், ஆன்மார்த்த சிவபூசை, குருநாதர் வழிபாடு, பன்னிரு திருமுறைகளும் மெய்கண்ட சாத்திரம் பதினான்கும் ஓதுதல், அடியார்க்கு அமுது படைக்கும் மாகேசுவர பூசை, இட்ட பணி முடித்தல் என ஒரு நாழிகையும் தனக்கென இல்லாத வாழ்வு அது. சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை என்று படிப்படியாகவே ஏற வேண்டும். கட்டளைத் தம்பிரானாக ஒரு திருக்கோயிலுக்கு அனுப்பப்பட்டால் நெல்லளவும் எண்ணெயளவும் கணக்கு எழுத வேண்டும்; நிலத்துக் குத்தகை பார்க்க வேண்டும். “கணக்கை விட்டு வந்தேனே, இங்கும் கணக்கா?” என்று மனம் முனகும். தன்னுடைமைக்குக் கணக்கெழுதியவன் இப்போது இறைவன் உடைமைக்குக் கணக்கெழுதுகின்றான். செயல் ஒன்றே, ‘எனது’ என்னும் சொல் மட்டும் அகன்றுவிட்டது. அச்சொல்லை அகற்றுவதே துறவின் முழு வேலை.

அது எத்துணை அரிது என்பதற்குத் திருவிடைமருதூரில் நிகழ்ந்தது ஒரு சான்று. அரசைத் துறந்து பட்டினத்தாருக்குச் சீடரான பத்திரகிரியார், குருவுக்குப் பிச்சையேற்கும் ஓடொன்று வைத்திருந்தார். எச்சில் சோற்றுக்காக ஒரு நாயும் அவரைச் சூழ்ந்து வந்தது. பிச்சை கேட்டு வந்தவரிடம் பட்டினத்தார், “நான் ஆண்டி, மேலைக் கோபுர வாயிலில் ஒரு குடும்பத்தர் இருக்கின்றார், அவரிடம் கேளும்” என்று அனுப்பினார். நாடு துறந்த பெருந்தகைக்கு ஓர் ஓடும் நாயும் குடும்பமாயின. நமக்கு எத்தனை ஓடுகள்!

இனி, அந்த அம்மையாரின் உள்ளத்தை அறுத்த வினாவுக்கு வருகின்றேன். துறந்தவன் தாயையும் துறந்துவிடுகின்றானா? காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகரான திருவெண்காடர், காதற்ற ஊசியொன்றையும் ஓர் ஓலையையும் கண்டு அளவற்ற செல்வத்தை ஒரு கணத்தில் உதறிப் பட்டினத்தாரானார். ஆயினும் அன்னைக்கு இறுதிக் கடன் செய்வேன் என்ற வாக்கை உதறவில்லை. அன்னையார் மறைந்தபோது எங்கிருந்தோ வந்து, பச்சை வாழை மட்டைகளை அடுக்கி, கண்ணீர் மல்கப் பாடி, அதில் தீ மூளச் செய்தார் என்பது வரலாறு. செல்வத்தைத் துறந்தபோது கலங்காத கண்கள் தாயின்முன் கலங்கின. அதனால் அவருடைய துறவு குறைந்துவிட்டதென எவரும் கூறவில்லை. ஆதிசங்கரரும் தம் அன்னைக்கு அவ்வாறே இறுதிக் கடன் ஆற்றினார் என்று அவர் வரலாறு பேசும்.

இரமணரின் அன்னையார் அழகம்மையார் 1898-இல் திருவண்ணாமலைக்கு வந்து மகனை அழைத்து அழுதபோது அவர் திரும்பிச் செல்லவில்லை. 1916-இல் அன்னையார் மகனிடமே வந்து தங்கினார். 1922-இல் அவர் இறுதி நாளில், மகரிஷிகள் தாயின் மார்பிலும் தலையிலும் கை வைத்து நெடுநேரம் அமர்ந்திருந்தார். அன்னையின் சமாதியைச் சூழ்ந்தே இரமணாசிரமம் வளர்ந்தது. அங்கே மாத்ருபூதேசுவரர் ஆலயம் எழுந்தது. உண்மைத் துறவியின் வாயில் தாய்க்கு அடைபடுவதில்லை, உலகுக்கும் திறக்கின்றது.

காத்திருத்தல் பழங்கால வழக்கம் மட்டுமன்று. 1897-இல் விவேகானந்த சுவாமிகள் நிறுவிய இராமகிருஷ்ண மிஷனில் சேர்வோர், ஏறத்தாழ ஒன்பது பத்து ஆண்டுகள் தொண்டிலும் பயிற்சியிலும் கழிந்த பின்னரே சந்நியாசம் பெறுகின்றனர். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் 1949-இல் அருள் பெற்ற சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள் அமெரிக்க நாட்டின் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1970-இல் நிறுவிய சைவ மடத்தில், வாழ்நாள் விரதத்திற்கு முன் ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் விரதங்களை மேற்கொள்கின்றனர். நாடும் மொழியும் மாறினும் குருமார்களின் எண்ணம் ஒன்றே: பழம் தானே கனியட்டும், தடியால் அடித்துப் பழுக்க வைத்தல் வேண்டா.

ஆகவே அந்த அம்மையாருக்கும், அவர்போல் உள்ளம் கலங்கும் பெற்றோர்க்கும் கூறுவது இதுவே. பிள்ளையைத் திட்டாதீர்கள், அவசரமாக மணம் முடித்து வாயை அடைக்கவும் முயலாதீர்கள். அதனால் ஒரு பெண்ணின் வாழ்வும் சேர்ந்து வீணாகும். “ஓராண்டு பொறு” என்று கேளுங்கள். அந்த ஓராண்டில் அவன் விடியலில் எழுகின்றானா, கோயிலில் கூலியில்லாப் பணி செய்கின்றானா, வீட்டாரிடம் முன்னினும் மென்மையாகப் பேசுகின்றானா என்று பாருங்கள். துறவெண்ணம் உண்மையாயின் முதலில் சினம் குறையும். சினம் வளர்ந்தால் அது துறவன்று, பிணக்கே. ஓராண்டுக்குப் பின்னும் தணியாமல், இனிமை மட்டும் மிகுந்து நின்றால், நல்ல குருவிடம் நீங்களே அழைத்துச் செல்லுங்கள். அப்பொழுது தடுத்தலே பிழை. குருவைத் தேர்வதிலும் விழிப்பு வேண்டும். வந்தவனுடைய தாய் தந்தையரைப் பற்றிக் கேளாமல், அன்றே காவி நீட்டுபவர் குருவாகார்.

மற்ற அன்பர்களுக்கும் ஒரு கடமை உண்டு. துறவியரிடம் அற்புதம் கேட்டு நிற்காதீர்கள். வழக்குக்கும் வாணிகத்துக்கும் வாக்குக் கேட்டு அவர்களை மீண்டும் உலகியலில் இழுக்காதீர்கள். ஒருவர் தவறினார் என்பதற்காகக் காவியை எள்ளாதீர்கள். காவி உடுத்தியவர் என்பதற்காகத் தவற்றை மறைக்கவும் செய்யாதீர்கள். இல்லறத்தாரின் அன்னத்தில் துறவறம் நிற்கின்றது. துறவறத்தாரின் தவத்தில் இல்லறம் வழி காண்கின்றது. இன்று மாலை பிட்சாடனப் பெருமானின் பாத்திரத்தில் நீங்கள் இட்ட கைப்பிடி அரிசியின் பொருள் அதுவே.

அந்த இளைஞர் இன்று இவ்விழாவில் இருக்கின்றார். ஓராண்டாக நாள்தோறும் விடியலில் திருக்கோயில் பிராகாரத்தைப் பெருக்கி வருகின்றார். மாலையில் வேலை முடிந்தபின் சாத்திரம் பயில வருகின்றார். காவி உடுப்பாரா, மணமாலை சூடுவாரா என்பது குருவருள் காட்ட வேண்டியது. நான் அறிந்தது ஒன்றே: சென்ற மாதம் அவர் தாயார், மகனுக்கு முன்பே வந்து, பிராகாரத்தின் மறுபக்கத்தைப் பெருக்கத் தொடங்கியிருக்கின்றார்.

திருச்சிற்றம்பலம்